சொகுசுக் கப்பலில் கடலைப் பார்க்க: பதிவுக்கு முன்பிருந்து இறங்கும் காலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்களிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், பலரும் நீச்சல்குளத்தையும் உணவுக்கூடத்தையும் பற்றியே பேசுகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. இன்றைய பெரிய கப்பல்களில் கடல் தானாகக் கண்ணில் படுவதில்லை. கடைகளும் அரங்குகளும் நடுவில் இருக்கும், மேல்தளத்தைச் சுற்றி ஆளுயரக் கண்ணாடி நிற்கும், திறந்த தளத்துக்குப் போகும் கதவில் ஒரு பலகைகூட இருக்காது.

கப்பல்களில் புதியவர்கள் தடுமாறும் இடங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். ஏமாற்றத்தின் பெரும்பகுதி டிக்கெட் எடுக்கும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் பாதி, கரையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

வரிசை முக்கியம்: முதலில் கப்பல், அடுத்து அறை, அதற்கடுத்து எந்தப் பக்கம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "பால்கனி அறை வேண்டும்" என்று முடிவெடுத்துவிட்டு, அந்த விலைக்கு எந்தக் கப்பல் கிடைக்கிறதோ அதில் ஏறுகிறார்கள். பால்கனி இல்லாவிட்டாலும் நல்ல திறந்த தளங்கள் உள்ள கப்பலில் நாள் முழுவதும் கடலோடு இருக்கலாம். திறந்த தளமே இல்லாத கப்பலில் அறையை விட்டு வெளியே வந்தால் கடல் போய்விடும்.

1. தள வரைபடத்தைப் பதிவிறக்கி வையுங்கள்

ஒவ்வொரு நிறுவனமும் தன் கப்பல்களின் தள வரைபடத்தை இணையதளத்தில் வைத்திருக்கிறது. கப்பலின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். கைபேசித் திரையில் பார்க்காதீர்கள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் மெல்லிய கோடுகள் தெரியும். மூன்று இடங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, கீழ்த்தளங்களில் ஓடும் சுற்றுநடைப் பாதை. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்திலோ அதற்கு அடுத்த தளத்திலோ, கப்பலின் ஓரமாக ஒரு வெற்றுப் பட்டை தெரியும். அது முன்னும் பின்னும் வளைந்து முழு வட்டமாகச் சேர்கிறதா என்று விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். பல கப்பல்களில் பாதி வழியில் நின்றுவிடும். ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனத்தின் பெரும்பாலான கப்பல்களில் இது முழுச் சுற்றாக இருக்கிறது. குயின் மேரி 2 கப்பலில் 7ஆம் தளத்தை மூன்று முறை சுற்றினால் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள். டிஸ்னியின் மேஜிக், வொண்டர், டிரீம், ஃபேண்டஸி ஆகியவற்றில் 4ஆம் தளத்தில் சாய்வு நாற்காலிகளோடு இருக்கிறது. 2022இல் வந்த நார்வீஜியன் பிரைமாவில் 8ஆம் தளத்தைச் சுற்றி வரலாம்.

இந்தப் பாதையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே கூரை இருக்கும்; வெயிலிலும் தூறலிலும் நிற்கலாம். தண்ணீர் அருகில் இருக்கும். இசை ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் இருக்காது. எந்த அறைக்காரரும் கூடுதல் கட்டணமின்றி வரலாம். இத்தனை இருந்தும் கூட்டம் வருவதில்லை, ஏனென்றால் பெரும்பாலோர் மின்தூக்கியில் நேரே நீச்சல்குளத் தளத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, அணியம், அதாவது கப்பலின் முன்முனை. ராயல் கரீபியனின் வாயேஜர், ஃப்ரீடம், ரேடியன்ஸ் வகைக் கப்பல்களில் முன்முனையில் ஹெலிகாப்டர் இறங்குதளம் இருக்கிறது. அவசர வேலை இல்லாத நேரங்களில் பயணிகளுக்குத் திறந்துவிடுவார்கள். வரைபடத்தில் அது வட்டமாகத் தெரியும். குயின் மேரி 2இல் கப்பலை இயக்கும் அறைக்குக் கீழே, 11ஆம் தளத்தில், முன்னோக்கிய ஒரு திறந்த மேடை உண்டு. கார்னிவல் கப்பல்கள் சிலவற்றில், அறைகள் உள்ள தளங்களின் நீண்ட நடைபாதை முன்பக்கம் முடியும் இடத்தில் ஒரு சாதாரணக் கதவு இருக்கும். அதைத் தள்ளினால் திறந்த தளம். பழக்கப்பட்ட பயணிகள் இவற்றை ரகசியத் தளங்கள் என்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. கதவில் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, பின்புறம். நுரைத்தடத்தை நேராகப் பார்க்கும் திறந்த இடம் இருக்கிறதா, அல்லது முழுவதையும் உணவகங்கள் எடுத்துக்கொண்டனவா என்று பாருங்கள். உணவகமாக இருந்தாலும் வெளியே மேசை போட்டிருந்தால் போதும்.

இந்த மூன்றில் குறைந்தது இரண்டுகூட இல்லாத கப்பலை, கடலுக்காகப் போகிறவர் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

2. உங்களுக்கு அனுமதி இல்லாத இடங்களைக் கழித்துவிடுங்கள்

வரைபடத்தில் திறந்த தளம் தெரிவதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. கடந்த சில ஆண்டுகளில் கட்டிய பல கப்பல்களில், முன்பக்க மேல்தளங்கள் அதிகக் கட்டண அறைக்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டன. எம்எஸ்சியின் யாட் கிளப், நார்வீஜியனின் தி ஹேவன் போன்றவை கப்பலுக்குள் தனிக் கப்பல். அவற்றின் மேல்தளத்துக்கு அந்த அறை அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும்.

இன்னொரு வகை, பெரியவர்களுக்கு மட்டுமான தளங்கள். கார்னிவலின் செரினிட்டி போன்றவை இலவசம், ஆனால் சிறுவர்களோடு போக முடியாது. பிரின்சஸின் தி சாங்சுவரி போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

வரைபடத்தை அச்சிட்டு, இத்தகைய இடங்களைப் பேனாவால் அடித்துவிடுங்கள். மீதம் இருப்பதுதான் உங்கள் கடல். இந்த வேலையைச் செய்தவர்களில் சிலர் கப்பலையே மாற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

புகைபிடிக்கும் பகுதியையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் திறந்த தளத்தின் ஏதாவது ஒரு பக்கம் அதற்கென்று விடப்பட்டிருக்கும். நல்ல காட்சி என்று தேர்ந்தெடுத்த மூலை அந்தப் பக்கமாக இருந்தால் பயனில்லை.

3. அறை: "பால்கனி" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள்

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். பால்கனி என்ற பெயரில் குறைந்தது ஐந்து விதமான பொருள் விற்கப்படுகிறது.

உள்நோக்கிய பால்கனி: 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலும் அதன் உடன்பிறந்த கப்பல்களும் நடுவில் பிளந்தவை. சென்ட்ரல் பார்க் பால்கனி எடுத்தால் உங்கள் எதிரே செடிகளும் எதிர்வரிசை அறைகளும்தான். போர்ட்வாக் பால்கனிகளில் பின்கோடியில் உள்ளவற்றுக்கு ஓரளவு கடல் தெரியும். 2024இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸிலும் உள்நோக்கிய பால்கனிகள் உண்டு. பதிவுப் பக்கத்தில் கடல் நோக்கியது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். வெறும் "பால்கனி" போதாது.

இறங்கும் கண்ணாடி: செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலோடு 2018இல் பரவலாகப் பேசப்பட்டது. அறையின் வெளிச்சுவரே ஒரு பெரிய சன்னல். பொத்தானை அழுத்தினால் மேல்பாதி கீழே இறங்கும். அறை பெரிதாகத் தெரியும், ஆனால் வெளியே போய் நிற்கும் இடம் கிடையாது. காற்று அதிகமானால் கப்பல் தரப்பே கண்ணாடியை மூடிவைக்கும். இதை நான் சன்னல் அறையாகவே கணக்கிடுவேன், விலையையும் அப்படியே ஒப்பிடுவேன்.

எஃகுத் தடுப்புள்ள பால்கனி: குயின் மேரி 2இன் கீழ்த்தளப் பால்கனிகள் கப்பலின் உடலில் வெட்டியெடுத்தவை. காற்று அடிக்காது, ஆனால் முன்தடுப்பு எஃகு. உட்கார்ந்தால் வானம் தெரியும், கடல் தெரியாது. நின்று பார்ப்பவர்களுக்குச் சரி, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சரிவராது.

நீர்மட்டத்துக்கு அருகில் உள்ள பால்கனி: கார்னிவலின் டிரீம், விஸ்டா வகைக் கப்பல்களில் 2ஆம் தளத்தில் கோவ் பால்கனிகள் இருக்கின்றன. அலை கொந்தளித்தால் எஃகுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மற்ற நேரங்களில், கப்பலின் பக்கவாட்டில் நீர் உரசிப்போகும் ஓசை இவ்வளவு தெளிவாகக் கேட்கும் அறை வேறு இல்லை. விலையும் பெரும்பாலும் சாதாரணப் பால்கனி அளவே. தயங்காமல் எடுக்கலாம்.

கண்ணாடித் தடுப்புள்ள வழக்கமான பால்கனி: நிறுவனம் விளம்பரப் படத்தில் காட்டுவது இதைத்தான். இதிலும் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேல்தளம் துருத்திக்கொண்டிருந்தால் நிழலும் இருட்டும் அதிகம். கீழே உயிர்காப்புப் படகு இருந்தால் நீரைப் பார்க்க முடியாது.

சன்னல் அறை எடுப்பவர்கள் "மறைக்கப்பட்ட காட்சி" என்ற குறிப்பைத் தேடுங்கள். எதிரே படகு தொங்கும் அறைகள் அவை. எல்லாம் ஒரே அளவு மறைக்கப்பட்டவையும் இல்லை. இரண்டு படகுகளுக்கு நடுவில் இடைவெளி விழும் அறைகளில் பாதிக் கடல் கிடைக்கும். வரைபடத்தில் படகுகளின் இடத்தையும் அறை எண்ணையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. மலிவாக இருக்கிறது என்று, அறை எண்ணை நிறுவனமே ஒதுக்கும் வகையில் பதிவு செய்தால், மேலே சொன்ன எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கடலுக்காகப் போகிறவர்கள் அறை எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பணம் போதவில்லை என்றால் சன்னல் இல்லாத உள் அறையையே எடுங்கள். நல்ல சுற்றுநடைப் பாதை உள்ள கப்பலில் உள் அறை எடுப்பது, நடைத்தளம் இல்லாத கப்பலில் பால்கனி எடுப்பதைவிட மேல்.

4. வலப்பக்கமா, இடப்பக்கமா

பயணத் திட்டத்தை வரைபடத்தில் கோடாகப் போட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும். கரை எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம் என்ற இரண்டு கேள்விகள்தான்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கி மலாக்கா நீரிணையில் போகும்போது கப்பல் வடமேற்காகச் செல்கிறது. மலேசியக் கரை வலப்பக்கம், சுமத்ரா இடப்பக்கம். சூரியன் மறைவது முன்னால், இடப்பக்கமாகச் சாய்ந்து. திரும்பி வரும்போது அப்படியே மாறும். போகும் வழியில் மாலை வெளிச்சம் வேண்டுமென்றால் இடப்பக்கம் எடுக்கலாம்.

சென்னையிலிருந்து இலங்கைக்கு 2023 ஜூன் 5 அன்று கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் முதன்முறையாகப் புறப்பட்டது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை அதன் துறைமுகங்கள். இத்தகைய பயணத்தில் தெற்கிலிருந்து திருகோணமலை நோக்கி வரும்போது தீவு இடப்பக்கம் இருக்கும், சூரியன் வலப்பக்கம் எழும். கரையைப் பார்க்க வேண்டுமா, உதயத்தைப் பார்க்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பருவத்தையும் சேர்த்து யோசியுங்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் ஹம்பாந்தோட்டைப் பக்கக் கடல் கொந்தளிக்கும், அதே காலத்தில் கிழக்குக் கரை ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும்.

அலாஸ்காவின் கிளேசியர் பே போன்ற இடங்களில் பக்கம் பெரிய விஷயம் இல்லை. பனிச்சுவரின் முன்னால் கப்பலை மெதுவாகத் திருப்பி இரு பக்கத்தாருக்கும் காட்டுவார்கள். அங்கே ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் அணியத்தைத் திறந்துவிட்டுப் பட்டாணி சூப்பும் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பால்கனியில் உட்கார்ந்திருப்பது வீண், அணியத்துக்குப் போய்விடுங்கள்.

போய்த் திரும்பும் குறும்பயணத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

5. பையில் என்ன

காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, வெப்பமண்டலப் பயணத்துக்கும் வேண்டும். நாடா உள்ள தொப்பி. வழுக்காத அடிப்பாகமுள்ள மூடிய காலணி. ரப்பர் செருப்பில் ஈரத் தளத்தில் நடப்பது ஆபத்து. 7 அல்லது 8 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி. பத்து மடங்குக்கு மேல் போனால் கப்பலின் அசைவும் சேர்ந்து பெரிதாகும், பறவை கண்ணில் நிற்காது.

கைபேசியில் பயணப் பகுதியின் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் இணையம் இல்லாமலே வேலை செய்யும். கப்பல் புறப்பட்டதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் கைபேசிக் கோபுரத்தோடு இணைந்து பெரிய கட்டணம் வந்துவிடும்.

6. ஏறியதும் முதல் வேலை

பெரும்பாலோர் ஏறியவுடன் மேலே சாப்பிடப் போகிறார்கள். நீங்கள் முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பலுக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இது நடந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் காணொளியைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அவசர காலத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்குப் போய்ப் பதிவு செய்தால் போதும். முன்னதாக முடித்துவிட்டால் புறப்படும் நேரத்தில் நீங்கள் சுதந்திரமாக இருப்பீர்கள். கடைசிவரை தள்ளிப்போட்டவர்கள், கப்பல் துறையை விட்டு நகரும் வேளையில் உள்ளே வரிசையில் நிற்கிறார்கள்.

அதற்குள்ளேயே ஒரு நன்மையும் இருக்கிறது. பல கப்பல்களில் கூடும் இடம் படகுத் தளத்தை ஒட்டியே இருக்கும். அங்கே போகும்போதே திறந்த நடைத்தளத்தின் கதவுகள் எங்கே என்று பார்த்துவிடலாம்.

அடுத்து, அச்சிட்ட வரைபடத்தோடு ஒரு சுற்று வாருங்கள். குறித்த ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாருங்கள். "பணியாளர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். எதுவும் எழுதாத கதவு பூட்டியிருந்தால் வரவேற்பு மேசையில் கேளுங்கள்: எப்போது திறப்பீர்கள், எந்தச் சூழ்நிலையில் மூடுவீர்கள் என்று. துறைமுகத்தில் நிற்கும்போது படகுகளை இறக்கிச் சோதிப்பதற்காகவும் வண்ணம் பூசுவதற்காகவும் நடைத்தளத்தை மூடுவது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு "இந்தக் கப்பலில் அனுமதி இல்லை" என்று முடிவு கட்டிவிட்டு, பயணம் முழுவதும் அந்தப் பக்கமே போகாதவர்கள் உண்டு. கடலில் போனதும் மறுபடி போய்ப் பாருங்கள்.

புறப்படும் நேரத்துக்கு உயரமான திறந்த தளம் நல்லது. துறைமுகம், நங்கூரமிட்ட கப்பல்கள், கப்பலுக்குத் துறைமுகத்தில் வழிகாட்டும் பைலட்டின் படகு எல்லாம் மேலிருந்துதான் ஒழுங்காகத் தெரியும். சிங்கப்பூரில் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து கிளம்பினால், காத்திருக்கும் சரக்குக் கப்பல்களின் நடுவே வெளியேறும் நேரம் தவறவிடக் கூடாதது.

7. காற்றைக் கணக்கிடுங்கள்

திறந்த தளத்தில் நின்று பழகாதவர்கள் காற்றைப் பார்த்து உள்ளே ஓடிவிடுகிறார்கள். கணக்குத் தெரிந்தால் ஓட வேண்டியதில்லை, இடம் மாறினால் போதும்.

கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் உங்கள் முகத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று அடிக்கும். எதிரே 15 நாட் காற்று வீசினால் இரண்டும் சேர்ந்து 35 நாட், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். அதே 15 நாட் காற்று பின்னாலிருந்து வந்தால் மீதம் 5 நாட்தான். அணியத்தில் தலைமுடிகூட அவ்வளவாக அசையாது. வேகத்தையும் காற்றையும் பெரும்பாலான கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியின் பயண வரைபடச் சேனலில் காட்டுகிறார்கள். வெளியே போகும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எதிர்க்காற்று நாளில் பின்புறத்துக்குப் போங்கள். கப்பலின் மேற்கட்டுமானம் முழுவதும் உங்களுக்கு மறைப்பு. பின்காற்று நாளில் அணியத்துக்குப் போங்கள். அன்று பின்தளத்தில் புகைபோக்கியின் புகையும் கரித்துகளும் இறங்கும். பக்கக்காற்று நாளில் நடைத்தளத்தின் காற்று மறைந்த பக்கம் போதும்.

எதிர்க்காற்று பலமாக இருக்கும்போது முன்தளங்களை மூடுவது சரியான காரணத்துக்காகத்தான். கயிறு கட்டிய கதவைத் தாண்டாதீர்கள். காற்று வரும் பக்கத்துக் கதவு கனமாக இருக்கும், திறந்ததும் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். விரல் நசுங்குவது கப்பல்களில் அடிக்கடி நடக்கும் விபத்து. மறுபக்கக் கதவால் வெளியேறிச் சுற்றி வாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு வரும்போது.

8. எந்த உயரத்தில் எதைப் பார்ப்பது

உயரம் கூடக் கூடக் காட்சி நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தொலைவு கூடும் என்பது உண்மை. கண் மட்டம் நீரிலிருந்து 12 மீட்டரில் இருந்தால் அடிவானம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்; 50 மீட்டரில் இருந்தால் 25 கிலோமீட்டர். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் பயணிகளை ஏற்றி உயர்த்தும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டு கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 90 மீட்டர் தூக்கும். கரையோரத்தில், தீவுகளுக்கு நடுவில் அதற்குப் பயன் உண்டு. நடுக்கடலில் 25 கிலோமீட்டரிலும் இருப்பது தண்ணீர்தான். அங்கிருந்து அலை மடிப்பில்லாத துணிபோல் தட்டையாகிவிடும்.

உயிர்கள் வேண்டுமானால் கீழே வாருங்கள். பறவைக்கோலா மீன்கள் கப்பலின் உடலுக்குப் பயந்து பக்கவாட்டில் பறந்து விலகுகின்றன. 15ஆம் தளத்திலிருந்து அவை தெரியவே தெரியாது. நடைத்தளத்தின் முன்பகுதியில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால், சில நொடிகள் நீரைத் தொடாமல் போவதைக் காணலாம். அந்த மீன்களைப் பிடிக்கக் கடற்பறவைகள் கப்பலோடு சேர்ந்தே பறந்து வருவதும் உண்டு. டால்பின்கள் அணியத்தின் நீரழுத்தத்தில் சவாரி செய்ய வரும். அவற்றை நேர் கீழே பார்க்க வேண்டும்.

இதற்குப் பொறுமை வேண்டும். புதியவர்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று போய்விடுகிறார்கள். குறைந்தது அரை மணி நேரம் ஒரே இடத்தில் நில்லுங்கள். கடலின் ஒழுங்கு கண்ணுக்குப் பழகிய பிறகுதான் ஒழுங்கு மீறும் எதுவும் தெரியும்: ஒரு முதுகுத் துடுப்பு, ஒரு நீரூற்று, நிறம் மாறும் நீரோட்டக் கோடு.

வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்கும் இதே நடைத்தளத்தின் நடுப்பகுதிதான் மருந்து. கப்பலின் அசைவு அங்கே குறைவு, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் தணியும். அறைக்குள் படுத்துக்கொண்டால் கூடும்.

9. இரவு

கப்பலில் இரவுக் கடலைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் நகரத்தில் வாழும் ஒருவருக்கு இருண்ட வானம் கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

சிக்கல் வெளிச்சம். மேல்தளம் முழுவதும் விளக்கு எரியும். ஆனால் கப்பலை இயக்குகிறவர்கள் இருளில் பார்க்க வேண்டியிருப்பதால் முன்பகுதி விளக்குகளை அணைத்தே வைப்பார்கள். முன்னோக்கிய அறைகளில் இரவில் திரையை மூடச் சொல்வதும் அதனால்தான். ஆகவே இரவில் திறந்திருக்கும் முன்தளம் ஏதாவது இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சில கப்பல்களில் சூரியன் மறைந்ததும் பூட்டிவிடுவார்கள். அப்படியானால் நடைத்தளத்தில் விளக்குக் குறைந்த ஒரு மூலை, அல்லது விளக்கணைத்த பால்கனி. அறையின் விளக்கையும் அணைத்து, திரையையும் இழுத்துவிடுங்கள்.

கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிலவில்லாத இரவுகளாகப் பார்த்துப் பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, இலங்கைக் கடலிலும் மலாக்கா நீரிணையிலும், முன்னிரவில் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை தெரியும்.

தனியாகப் போகிறவர்கள் போகுமிடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். கிராதிமேல் ஏறவோ சாய்ந்து தொங்கவோ கூடாது. கிராதியின் உயரம் குறைந்தது ஒரு மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அது நிற்கிற ஆளுக்கான கணக்கு. நாற்காலிமேல் நிற்கும் குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பால்கனி நாற்காலிகளைத் தடுப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள், இரவில் பால்கனிக் கதவைத் தாழிடுங்கள்.

10. கூட்டம், சக்கர நாற்காலி, கறைபட்ட கண்ணாடி

கடலில் கழியும் நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் மேல்தளம் நிறைந்துவிடும். விடியற்காலை, மதிய உணவு நேரம், மாலைக் காட்சி நடக்கும் நேரம் ஆகிய மூன்றும் காலியான நேரங்கள். துறைமுக நாளில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு கப்பலே உங்களுடையது.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளில் எவை வாசற்படி உயரமில்லாதவை, எவை தானாகத் திறப்பவை என்று பதிவுக்கு முன்பே நிறுவனத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். வரைபடத்தில் இது தெரியாது. அலை தளத்தில் ஏறாமலிருக்க வைத்த எஃகு வாசற்படிகள் பழைய கப்பல்களில் உயரமாக இருக்கும். எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டால் ஏறிய பிறகு பேச்சு சுலபம்.

பால்கனிக் கண்ணாடியில் உப்புப் படிந்து மங்கியிருந்தால் அறைப் பணியாளரிடம் சொல்லுங்கள், துடைத்துத் தருவார்கள். கேட்கத் தயங்கிப் பயணம் முழுவதும் மங்கலாகப் பார்க்க வேண்டியதில்லை. எந்தக் குப்பையையும், ஒரு காகிதக் கோப்பையைக்கூட, கிராதிக்கு அப்பால் விடாதீர்கள். காற்று அதைக் கீழ்த்தளப் பால்கனிக்கோ கடலுக்கோ கொண்டுபோகும். பிளாஸ்டிக்கைக் கடலின் எந்தப் பகுதியிலும் எறிவது சர்வதேசச் சட்டப்படி குற்றம்.

11. கடைசிக் காலை

கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காற்றுமேலாடையையும் தொலைநோக்கியையும் அதற்குள் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுக வழிகாட்டியான பைலட் ஓடும் படகிலிருந்து கயிற்றேணி பிடித்து ஏறுவார், பெரும்பாலும் விடிவதற்கு முன்பே. காற்று மறைந்த பக்கத்தில்தான் ஏற்றுவார்கள். அந்தப் பக்க நடைத்தளத்தில் நின்றால் மொத்தமும் தெரியும். நேரத்தை வரவேற்பு மேசையில் முந்தைய மாலையே கேட்டுவைக்கலாம். அவர் ஏறியதும் உயரமான முன்தளத்துக்குப் போய்விடுங்கள்; துறைக்குள் நுழையும்வரை அங்கேயே இருக்கலாம். காலை உணவுக்கூடம் கப்பல் கட்டப்பட்ட பிறகும் திறந்திருக்கும்.